கோப்பு திறக்கிறது, இசை வருகிறதா?

1

1987ல் எழுதப்பட்ட ஒரு புல்லாங்குழல் படைப்பை இன்றைக்கு மேடையில் வாசிக்க என்ன வேண்டும்? புல்லாங்குழல், வாசிக்கத் தெரிந்த ஒருவர், இசைக்குறிப்புத் தாள். ஐரோப்பியச் செவ்வியல் இசையில் பெரும்பாலான படைப்புகளுக்கு இது போதும். இருநூறு வருடம் பழைய தாளைக்கூடப் பிரித்துவைத்து வாசித்துவிடலாம். தாளுக்கு வெர்ஷன் நம்பர் கிடையாது.

ஃபிலிப் மனூரி என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் 1987ல் எழுதிய 'ஜூபிடர்' அப்படியில்லை. அதில் புல்லாங்குழலோடு ஒரு கணினியும் வாசிக்கிறது. முன்பே பதிவுசெய்த ஒலியை ஓட்டிவிட்டு, கலைஞர் அதன் பின்னால் ஓடுகிற சங்கதி இல்லை இது. கணினி புல்லாங்குழலைக் கேட்கிறது, இசைக்குறிப்பில் கலைஞர் எந்த இடத்தில் இருக்கிறார் என்று கண்டுபிடிக்கிறது, அதற்கேற்பத் தன் ஒலியை அந்த நொடியிலேயே உண்டாக்குகிறது. அவர் மெதுவாக வாசித்தால் அதுவும் மெதுவாகும். பக்கவாத்தியக்காரர் செய்கிற வேலை.

அந்தப் பக்கவாத்தியக்காரரின் பெயர் 4எக்ஸ். பாரிஸில் பியர் பூலேஸ் நிறுவி, 1977ல் திறக்கப்பட்ட இர்காம் என்ற இசை ஆய்வு நிறுவனத்தில், இத்தாலிய இயற்பியலாளர் ஜியூசெப்பே டி ஜூன்யோ வடிவமைத்த ஒலி இயந்திரம் அது. பூலேஸின் 'ரெபோன்' அதை நம்பி எழுதப்பட்டது, 'ஜூபிடர்' அதை நம்பி எழுதப்பட்டது. சில வருடங்களில் 4எக்ஸ் ஓய்வுபெற்றது. புல்லாங்குழல்காரர்கள் இருந்தார்கள், தாள் இருந்தது, பக்கவாத்தியம் போய்விட்டது.

ஆனாலும் 'ஜூபிடர்' இன்றைக்கும் வாசிக்கப்படுகிறது. எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. மென்பொருள் உலகில் இதற்கு பேக்வர்ட் கம்பாட்டிபிலிட்டி என்று பெயர். புதிய பதிப்பு, பழைய பதிப்பில் செய்த கோப்பைத் திறந்து, பழையபடியே இயக்க வேண்டும். கேட்கச் சலிப்பான தொழில்நுட்பச் சொல்தான். ஆனால் ஒரு கலைப்படைப்பு உயிரோடு இருக்கிறதா இல்லையா என்பதே அதைப் பொறுத்திருக்கும்போது அந்தச் சொல்லின் கனம் வேறு.

2

4எக்ஸை இயக்கியவர்களில் ஒருவர் மில்லர் பக்கெட். அமெரிக்கர், ஹார்வர்டில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். இர்காமில் கணினி இசைக்குறிப்பைப் பின்தொடரும் வேலையில் ஈடுபட்டிருந்தார். இந்த ஆராய்ச்சிக்கு முதலில் புல்லாங்குழல் வாசித்துக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் லாரி போரெகார். அவர் 1985ல் இறந்துபோனார். 'ஜூபிடர்' வரும்போது அவர் இல்லை.

பக்கெட் எழுதிய நிரலுக்கு 'மேக்ஸ்' என்று பெயர் வைத்தார். 1957லேயே பெல் ஆய்வகத்தில் கணினியில் இசையை உண்டாக்கிய மேக்ஸ் மேத்யூஸுக்கு மரியாதையாக வைத்த பெயர். முதலில் மேக்ஸில் படம் எதுவும் கிடையாது. எந்தச் செயல் எந்த நேரத்தில் நடக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் நிரல், அவ்வளவுதான். 1988ல் அதற்கு ஒரு முகம் வந்தது. மேக்கின்டோஷ் திரையில் சின்னச் சின்னப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வேலை. ஒரு பெட்டியின் அடியிலிருந்து இன்னொன்றின் தலைக்குக் கோடு இழுத்தால், இதிலிருந்து வருவது அதற்குள் போகும். பழைய அனலாக் சிந்தசைசர்களில் பெட்டிக்குப் பெட்டி கம்பி செருகி ஒலியை அமைப்பார்கள் இல்லையா, அந்தக் கம்பிக்குப் பேட்ச் கார்டு என்று பெயர். அதே பெயர் இங்கேயும் ஒட்டிக்கொண்டது: இப்படி வரைந்த நிரல் ஒரு 'பேட்ச்'.

மனூரியின் 'ப்ளூட்டோன்', பியானோவும் கணினியும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு, 1988ல் இந்த முறையில் உருவானது. நிரல் எழுதத் தெரியாத இசையமைப்பாளர், தன் படைப்பின் உட்கட்டமைப்பைக் கண்ணால் பார்த்துக் கைவைக்க முடிந்தது பெரிய விடுதலை.

கூடவே ஒரு புதுச் சிக்கலும் வந்தது. எழுத்தில் எழுதிய நிரலில் ஒரு வரிக்கு அடுத்து இன்னொரு வரி. எது முதலில் என்ற குழப்பம் இல்லை. படத்தில்? ஒரு பெட்டியிலிருந்து மூன்று கோடுகள் மூன்று பெட்டிகளுக்குப் போகின்றன. எந்தப் பெட்டி முதலில் வேலை செய்யும்?

மேக்ஸின் விடை: வலமிருந்து இடமாக. திரையில் வலப்பக்கம் இருக்கும் பெட்டிக்கு முதலில் செய்தி போகும். அதாவது படத்தில் பெட்டி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது அழகுக்காக மட்டும் இல்லை, அதற்கு அர்த்தம் உண்டு. பார்க்க நன்றாக இருக்கட்டுமே என்று ஒரு பெட்டியைப் பக்கத்துப் பெட்டியைத் தாண்டி நகர்த்தினால் நிரலின் நடத்தையே மாறலாம். ஒரு வாக்கியத்தில் சொற்களின் இடத்தை மாற்றினால் பொருள் மாறுகிற மாதிரி.

இதை இவ்வளவு விளக்கக் காரணம் இருக்கிறது. எழுத்து நிரலைப் புதிய பதிப்புக்குக் கொண்டுபோகும்போது எழுத்தை மட்டும் காப்பாற்றினால் போதும். வரைபட நிரலில் இடத்தையும் காப்பாற்ற வேண்டும்.

3

1990 வாக்கில் இர்காம் 4எக்ஸுக்கு வாரிசு தேடியது. ஸ்டீவ் ஜாப்ஸ், ஆப்பிளிலிருந்து வெளியேறி நடத்திக்கொண்டிருந்த நெக்ஸ்ட் நிறுவனத்தின் கறுப்புக் கணினிக்குள், இன்டெல் ஐ860 சில்லுகள் கொண்ட பலகைகளைச் செருகி ஒரு புதிய இசைக்கணினியைச் செய்தார்கள். இப்போது ஒலியை உண்டாக்குவதையும் மேக்ஸே செய்ய முடிந்தது. 4எக்ஸுக்காக எழுதிய படைப்புகளை இதற்கு மாற்றினார்கள். அப்பாடா என்று உட்கார்ந்திருப்பார்கள். 1993ல் நெக்ஸ்ட் கணினி தயாரிப்பதையே நிறுத்திவிட்டது.

ஆறேழு வருடத்துக்குள் இரண்டு இயந்திரங்கள். வயலின் செய்கிறவர்கள் எல்லாம் ஒருநாள் கடையை மூடிவிட்டு, இனி வேறு வாத்தியம்தான் என்று சொன்னால் எப்படி இருக்கும்? மின்னணு இசைக்காரர்களுக்கு அது வாழ்க்கையில் இரண்டு தடவை நடந்தது.

இதற்கிடையில் மேக்ஸ் கிளை பிரிந்திருந்தது. 1990ல் ஓப்கோட் என்ற அமெரிக்க நிறுவனம் இர்காமிடம் உரிமம் வாங்கி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை வளர்த்தவர் டேவிட் ஸிகரெல்லி. 1998ல் கிடார் தயாரிக்கும் கிப்சன் நிறுவனம் ஓப்கோடை வாங்கியது. கொஞ்ச காலத்தில் ஓப்கோடின் கதை முடிந்தது. அதற்குள் ஸிகரெல்லி சைக்ளிங் 74 என்ற தன் நிறுவனத்தைத் தொடங்கியிருந்ததால் மேக்ஸ் பிழைத்து அங்கே போனது. 2017ல் அந்த நிறுவனத்தை ஏபிள்டன் வாங்கியது. ஒரு மென்பொருள் இத்தனை கை மாறினால் அதில் செய்த படைப்புகளின் கதி ஒவ்வொரு கையின் மனசையும் பொறுத்தது.

பக்கெட் அமெரிக்கா திரும்பி சான்டியாகோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1996ல் மேக்ஸை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை எழுதினார். பெயர் பியூர் டேட்டா, சுருக்கமாக பிடி. மூலநிரல் எல்லாருக்கும் இலவசம், யாரும் எடுத்துத் திருத்தலாம். எந்தத் தனி இயந்திரமும் தேவையில்லை, சாதாரணக் கணினியே போதும். பார்க்க அதே பெட்டிகள், அதே கோடுகள். உள்ளே மட்டும் ஒரு தீர்மானம் இருந்தது. இதில் செய்கிற பேட்ச் பல பத்தாண்டுகள் கழித்தும் திறக்க வேண்டும், திறந்தால் அதே மாதிரி ஒலிக்க வேண்டும். இரண்டு இயந்திரங்களைப் பறிகொடுத்த ஆள் எடுக்கிற தீர்மானம்.

4

அந்தத் தீர்மானத்தின் முதல் அடையாளம் கோப்பு வடிவம். பிடி பேட்ச் ஒன்றைச் சாதாரண நோட்பேடில் திறந்து பார்க்கலாம். முதல் வரியில் ஜன்னல் திரையில் எங்கே, எவ்வளவு பெரிது என்று இருக்கும். பிறகு பெட்டிக்கு ஒரு வரி: இடமிருந்து எத்தனை, மேலிருந்து எத்தனை, பெட்டியின் பெயர், அதற்குத் தர வேண்டிய எண்கள். பிறகு கோட்டுக்கு ஒரு வரி, நாலே எண்கள்: எந்தப் பெட்டி, அதில் எந்த வாசல், எந்தப் பெட்டிக்கு, அதில் எந்த வாசல். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு அரைப்புள்ளி. முடிந்தது கதை. நாளைக்கே பிடி உலகத்திலிருந்து மறைந்துபோனாலும், அந்தக் கோப்பை வாசித்து ஒரு மனிதரால் காகிதத்தில் படத்தைத் திரும்ப வரைந்துவிட முடியும்.

செய்தி போகும் வரிசை விஷயத்தில் பிடி வேறு வழி எடுத்தது. இங்கே பெட்டி எங்கே இருக்கிறது என்பது வரிசையைத் தீர்மானிக்காது. எந்தக் கோட்டை முதலில் இழுத்தோமோ அதில் முதலில் போகும். கோப்பில் கோடுகளின் வரிகள் இருக்கும் வரிசைதான் அது. பெட்டியை எங்கே நகர்த்தினாலும் நடத்தை மாறாது. ஆனால் ஒரு கோட்டை அழித்துத் திரும்ப இழுத்தால் மாறலாம், படமோ முன்பு போலவே தெரியும்! மேக்ஸில் அர்த்தம் கண்ணுக்குத் தெரியும், ஆனால் கை பட்டால் கலையும். பிடியில் கலையாது, ஆனால் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் இரண்டிலுமே, வரிசை முக்கியமான இடத்தில் 'ட்ரிகர்' என்ற பெட்டியைப் போட்டு வெளிப்படையாகச் சொல்லிவிடு என்று புதிதாகக் கற்பவர்களுக்குச் சொல்வார்கள்.

2001 வாக்கில் பக்கெட் அடுத்த வேலையைத் தொடங்கினார். கணினியும் வாத்தியமும் சேர்ந்து வாசிக்கும் முக்கியமான படைப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, பிடியில் திரும்பக் கட்டி, எல்லாருக்கும் கிடைக்கிற மாதிரி வைப்பது. மனூரியின் 'ப்ளூட்டோன்', 'ஜூபிடர்' இரண்டும் அதில் வந்தன. எந்த நாட்டிலும் ஒரு புல்லாங்குழல் மாணவி, ஒரு மைக், ஒரு மடிக்கணினி இருந்தால் பயிற்சி செய்யலாம் என்கிற நிலை. ஒரு காலத்தில் இர்காமுக்குள் அனுமதி கிடைத்தால் மட்டுமே நடக்கக்கூடியதாக இருந்தது இது.

5

கோப்பு திறந்துவிட்டது என்பதும் படைப்பு பிழைத்துவிட்டது என்பதும் ஒன்றல்ல. இதற்கு ஒரு சின்ன உதாரணம் போதும்.

பிடியில் தாழ்ந்த ஒலிகளை வடிகட்டி உயர்ந்த ஒலிகளை மட்டும் விடும் ஒரு ஃபில்டர் பெட்டி உண்டு. பழைய பதிப்புகளில் அதில் ஒரு சிறு பிசகு. மேல்பக்க ஒலிகளை உள்ளபடியே விடாமல் கொஞ்சம் கூட்டி அனுப்பியது. 0.44 பதிப்பில் கணக்கைச் சரிசெய்தார்கள். நல்ல காரியம்தானே? ஆனால் அதற்கு முன் பேட்ச் செய்தவர்கள் அந்தப் பிசகோடுதான் காது கொடுத்துக் கேட்டு, மற்ற அளவுகளை அதற்கேற்ப வைத்திருப்பார்கள். பிசகைத் திருத்தினால் அவர்கள் படைப்பு மாறிவிடும். நம் சரி அவர்களுக்குத் தப்பு.

பிடி என்ன செய்தது? பழைய கணக்கையும் தூக்கிப் போடாமல் வைத்துக்கொண்டது. 0.43 மாதிரி நடந்துகொள் என்று சொன்னால், அந்தப் பெட்டி பழைய பிசகோடு ஒலிக்கும். திருத்தமும் பிழையும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. இதிலும் ஒரு குறை உண்டு. அந்தக் கட்டளை ஒரு பேட்சுக்கு மட்டும் பொருந்தாது, அப்போது ஓடும் பிடி முழுமைக்கும் பொருந்தும். பழைய பேட்ச் ஒன்றும் புதிய பேட்ச் ஒன்றும் சேர்ந்து ஓடினால் இரண்டும் ஒரே காலத்தில்தான் வாழ வேண்டும்.

இப்படிக் காப்பாற்றுவதன் விலை இதுதான். ஒவ்வொரு தப்பும், யாரோ ஒருவர் அதன்மேல் எதையாவது கட்டிவிட்ட நாளிலிருந்து, மரபாகிவிடும். பிடி கோப்புகளில் எண்கள் நெடுங்காலம் ஆறு இலக்கத் துல்லியத்தோடுதான் சேமிக்கப்பட்டன. ஏழு இலக்க எண் ஒன்றை எழுதிச் சேமித்துத் திறந்தால் கடைசி இலக்கம் காணாமல் போகும். எரிச்சலான விஷயம். ஆனால் கோப்பு வடிவத்தில் கைவைப்பதற்கு முன் பத்து தடவை யோசிக்கிற இடத்தில் இந்த மாதிரி எரிச்சல்கள் நீண்ட ஆயுளோடு இருக்கும். ஆரம்பித்து முப்பது வருடம் நெருங்கியும் பிடியின் பதிப்பு எண் இன்னும் பூஜ்யத்தில்தான் ஆரம்பிக்கிறது. 1.0 வரவேயில்லை.

6

மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால்தான் இந்தப் பிடிவாதம் புரியும்.

வரைபட நிரலாக்கத்தில் தொழிற்சாலைகளுக்கும் ஆய்வகங்களுக்கும் தெரிந்த பெயர் லேப்வியூ. நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1986ல் மேக்கின்டோஷுக்காக வெளியிட்டது. அதன் கோப்பு மனிதர் வாசிக்க முடியாத பைனரி. புதிய பதிப்பு பழைய கோப்பைத் திறக்கும், பழைய பதிப்பு புதிய கோப்பைத் திறக்காது. பழைய பதிப்பு வைத்திருக்கும் நண்பருக்குக் கொடுக்க வேண்டுமானால், புதிய பதிப்பு வைத்திருப்பவர் 'முந்தைய பதிப்புக்காகச் சேமி' என்று இறக்கிக் கொடுக்க வேண்டும். ரொம்பப் பழைய கோப்பென்றால் நேராகத் திறக்காது, இடையில் ஒரு பதிப்பில் ஏற்றி இறக்கித்தான் கொண்டுவர வேண்டும். பஸ் மாறிப் போவது மாதிரி.

உங்களில் பலர் பள்ளியில் தொட்டிருக்கும் ஸ்க்ராட்ச் இன்னொரு வழி. எம்ஐடி மீடியா லேப் 2007ல் அதை வெளியிட்டபோது அது ஸ்குவீக் என்ற மொழியில் எழுதப்பட்டிருந்தது. 2013ல் ஃப்ளாஷில் மறுபடி எழுதினார்கள். ஃப்ளாஷுக்கு ஆயுள் 2020 டிசம்பரோடு முடிவு என்று அறிவிப்பு வந்தது. 2019 ஜனவரியில் ஜாவாஸ்க்ரிப்டில் மூன்றாம் முறை எழுதி வெளியிட்டார்கள். பன்னிரண்டு வருடத்தில் வீட்டை இரண்டு முறை இடித்துக் கட்டிவிட்டு, ஒவ்வொரு தடவையும் பழைய பொருள்களைப் புது வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். முதல் பதிப்பில் ஒரு குழந்தை செய்த பூனை விளையாட்டு மூன்றாவதிலும் திறக்கும். இதற்கு ஒரு பெரிய நிறுவனத்தின் ஆள்பலம் வேண்டும்.

மேக்ஸ் நடுவழியில் போனது. 2008ல் ஐந்தாம் பதிப்பில் முகத்தையும் கோப்பு வடிவத்தையும் மாற்றினார்கள். பழைய பேட்சுகளை அது திறந்தது, அதில் சேமித்ததை நான்காம் பதிப்பு திறக்காது. 2018ல் எட்டாம் பதிப்பு 32 பிட்டைக் கைவிட்டது. மேக்ஸோடு வருகிற பெட்டிகளுக்கு இதனால் ஆபத்தில்லை. ஆனால் பயனர்களே எழுதிப் பகிர்ந்துகொண்ட கூடுதல் பெட்டிகள் உண்டு, எக்ஸ்டர்னல் என்பார்கள். 32 பிட்டுக்காக மட்டும் தயாரான எக்ஸ்டர்னலை யாராவது மறுபடி தயாரித்துத் தர வேண்டும். எழுதியவர் வேறு வேலைக்குப் போயிருந்தால், மூலநிரலும் கிடைக்காவிட்டால், அந்தப் பெட்டி இருந்த இடத்தில் வெறும் சட்டம்தான் மிஞ்சும்.

பிடியும் இந்த அடியிலிருந்து தப்பவில்லை. பக்கெட்டின் பிடியோடு நூற்றுக்கணக்கான எக்ஸ்டர்னல்களைச் சேர்த்துக் கட்டி பிடி-எக்ஸ்டென்டட் என்று ஒரு மூட்டை வந்தது. ஒரே தடவை நிறுவினால் எல்லாம் கிடைக்கும். அதனால் நிறையப் பேர் அதைத்தான் பிடி என்று நினைத்தார்கள், அதிலேயே படைப்புகள் செய்தார்கள். 2013க்குப் பிறகு அதற்குப் புதுப் பதிப்பு வரவில்லை. அதில் செய்த பேட்சை இன்றைய பிடியில் திறந்தால், கோப்பு திறக்கும். கோடுகள் எல்லாம் இருக்கும். சில பெட்டிகளைச் சுற்றி மட்டும் முழுக்கோட்டுக்குப் பதிலாக விட்டுவிட்டு வரும் கோடு. இந்தப் பெயரில் எனக்கு யாரையும் தெரியாது என்று பிடி சொல்லும் விதம் அது. அப்புறம் ஒவ்வொரு எக்ஸ்டர்னலாகத் தேடிப்பிடித்துக் கொண்டுவர வேண்டும்.

ஆக, பக்கெட்டின் வாக்கு அவர் செய்த பெட்டிகளுக்கு மட்டும்தான். பிறத்தியார் பெட்டிக்கு அவர் எப்படி உத்தரவாதம் தர முடியும்? ரொம்ப நாள் வாழ வேண்டிய படைப்பை அடிப்படைப் பெட்டிகளை மட்டும் வைத்துச் செய்வது நல்லது என்ற பாடத்தை இந்தத் துறை கற்றுக்கொண்டது இப்படித்தான்.

7

இந்தக் கதையில் யார் சரி? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

தினமும் புதிது வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு பிடி ஏமாற்றமாக இருக்கும். கறுப்பு வெள்ளைப் பெட்டிகள், தொண்ணூறுகளின் முகம். அழகும் வசதியும் வேண்டுமென்றால் மேக்ஸ் பக்கம் போகலாம், அங்கே அதற்காக உழைக்கிற ஆள்கள் இருக்கிறார்கள், அதற்குக் காசும் கொடுக்கிறோம். அது நியாயமான பேரம். ஆனால் ஒரு கருவியை மாற்றாமல் வைத்திருப்பதும் உழைப்புதான். இயங்குதளம் மாறும், சில்லு மாறும், ஒலிப்பலகை மாறும். கீழே எல்லாம் நகர்ந்துகொண்டிருக்கும்போது மேலே ஒன்றை அசையாமல் நிறுத்திவைக்க யாராவது தினமும் கீழே வேலை செய்துகொண்டே இருக்க வேண்டும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு எதுவுமே நடக்காதது போலத் தெரியும். அந்த வேலை ஒழுங்காக நடக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

இன்னொன்றும் உண்டு. 'ஜூபிடர்' 4எக்ஸிலிருந்து நெக்ஸ்டுக்கும் அங்கிருந்து பிடிக்கும் வந்தது தானாக நடக்கவில்லை. முதல் இரண்டு தாவல்களில் எந்தக் கோப்பும் தன்பாட்டில் திறந்துகொள்ளவில்லை. ஒவ்வொரு தடவையும் மனிதர்கள் உட்கார்ந்து, இந்த இடத்தில் எந்த ஒலி வர வேண்டும், எவ்வளவு நேரம் நீள வேண்டும் என்று புரிந்துகொண்டு மறுபடி கட்டினார்கள். அந்தப் படைப்பை எழுதியவரும் நிரலை எழுதியவரும் உயிரோடு இருந்தது பெரிய அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டம் இல்லாத எத்தனையோ மின்னணுப் படைப்புகளுக்கு இன்று வெறும் ஒலிப்பதிவு மட்டும்தான் மிச்சம். அவற்றைக் கேட்கலாம். வாசிக்க முடியாது.

பிடிக்கு வந்த பிறகு நிலைமை வேறு. இப்போது 'ஜூபிட'ருக்கு இரண்டு தாள்கள் இருக்கின்றன. ஒன்று புல்லாங்குழல்காரரின் மேசையில் இருப்பது. இன்னொன்று, அரைப்புள்ளியில் முடியும் சின்னச் சின்ன வரிகள். இரண்டையும் நாளைக்கு யாரோ ஒருவர் உட்கார்ந்து வாசிக்க வேண்டியிருக்கும். அவர் வாசித்துப் புரிந்துகொள்ளக்கூடிய எழுத்தில் அது இருக்கிறது.